கொள்வினையும் கொடுப்பினையும்: ஜாஸ் ஃப்யூஷன் இசைத்தட்டுகளின் வரலாறு

கலப்பு என்பதற்குத் தமிழில் இரு முகங்கள் உண்டு. பாலில் நீர் சேர்ந்தால் அது கலப்படம். பாலில் தேன் சேர்ந்தால் அது சுவை. மொழியிலும் இவ்வழக்கு நெடியது. தமிழும் வடமொழியும் விரவிய நடையை மணியும் பவளமும் கோத்த மாலை எனப் போற்றி மணிப்பிரவாளம் என்று பெயரிட்டோர் உண்டு. அம்மாலையின் கனத்தால் தமிழின் கழுத்து வளைந்தது எனக் கூறித் தனித்தமிழ் காத்தோரும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் யாப்பு மரபினரும் புதுக்கவிதையினரும் நிகழ்த்திய சொற்போரின் அடியிலும் இதே வினாவே கிடந்தது: புதியதோடு சேரும்போது பழையது வளர்கிறதா, அழிகிறதா?

இவ்வினா 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஜாஸ் இசையுலகிலும் எழுந்தது. ராக் இசையின் மின்கருவிகளும், ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க, இந்தியத் தாளங்களும் ஜாஸுடன் சேர்ந்தபோது பிறந்த வகைக்கு ஃப்யூஷன் என்று பெயர் வந்தது. அது வளர்ச்சியா வீழ்ச்சியா என்னும் வழக்குக்கு இசைக்கலைஞர் தம் இசைத்தட்டுகளாலேயே விடை எழுதினர். அவ்விடைகளுள் மிகச் சிறந்த ஒன்றை எழுதிய கைகளில் தமிழர் கைகளும் உண்டு.

இரு குடும்பங்கள் கலப்பதை நம்மவர் கொள்வினை, கொடுப்பினை என்பர். கொள்வது மட்டும் நிகழ்ந்தால் அங்கே உறவு அமைவதில்லை. ஃப்யூஷன் இசையை அளப்பதற்கும் இதைவிட நல்ல அளவுகோல் இல்லை எனலாம்.

கத்தரிக்கோல் எழுதிய இசை

ஜாஸ் தன் பிறப்பிலேயே ஒரு கலப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே ப்ளூஸ் பாடலும் தேவாலயப் பாடலும் அணிவகுப்பு வாத்திய இசையும் சேர்ந்து உருவானது அது. அதன் உயிர்நிலை நம் இசை மரபில் மனோதர்மம் எனப்படுவதுதான். ஒரு மெட்டை முதலில் நிறுவி, அதன் வரம்புக்குள் கணந்தோறும் புதிதாகக் கற்பித்துச் செல்வது. கற்பனைச் சுரம் கேட்டுப் பழகிய செவிக்கு இந்நெறி அந்நியமானதன்று.

இந்நெறியில் முடிசூடிய கலைஞர்களுள் ஒருவர் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ். 1959இல் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்னும் இசைத்தட்டை அளித்து அழியாப் புகழ் பெற்றவர். ஆனால் பத்து ஆண்டுகளில் காலம் மாறிவிட்டது. இளைஞர் கூட்டம் ராக் இசையின் பக்கம் திரும்பியது. ஜாஸ் அரங்குகள் வெறிச்சோடத் தொடங்கின. 1969 பிப்ரவரியில் மைல்ஸ் மின்பியானோக்களையும் மின்கிடாரையும் கூட்டி 'இன் எ சைலன்ட் வே' என்னும் இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதில் கிடார் வாசித்தவர் இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய 27 வயது இளைஞர் ஜான் மெக்லாக்லின். கிடார் வாசிக்கத் தெரியாத ஒருவனைப் போல வாசிக்கும்படி மைல்ஸ் தமக்குச் சொன்னதாக அவர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்ததுண்டு. கற்ற விரல்களின் பழக்கத்தை விட்டுவிடு என்பதே அச்சொல்லின் பொருள். பழகிய சந்தத்தில் தானே வந்து விழும் சொல்லை ஐயுறும் கவிஞருக்கு இவ்வறிவுரை எளிதில் விளங்கும்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 15 முதல் 18 வரை நியூயார்க் மாநிலத்தில் வுட்ஸ்டாக் ராக் விழா நடந்தது. அது முடிந்த மறுநாள், நியூயார்க் நகரத்துக் கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தில் மைல்ஸ் தம் குழுவைக் கூட்டினார். மூன்று நாள்கள் நிகழ்ந்த அப்பதிவே 1970இல் 'பிச்சஸ் ப்ரூ' என்னும் இரட்டை இசைத்தட்டாக வெளிவந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட டிரம்ஸ் கலைஞர்கள், இருவகை பாஸ் கருவிகள், இரண்டு மூன்று மின்பியானோக்கள் என ஒரே நேரத்தில் ஒலிக்கும் அடர்ந்த காடு அது. மைல்ஸ் முழுமையான இசைக்குறிப்பு எதையும் எழுதித் தரவில்லை. சில குறிப்புகளையும் சைகைகளையும் மட்டுமே தந்து குழுவை நடத்தினார். பின்னர்த் தயாரிப்பாளர் டியோ மாசெரோ ஒலிநாடாவை வெட்டியும் ஒட்டியும், வேண்டிய பகுதியை மீளச் சேர்த்தும் இறுதி வடிவம் அமைத்தார். கணத்தில் பிறக்கும் கற்பனையே ஜாஸ் என்றிருந்த மரபில், கத்தரிக்கோலும் ஓர் இசைக்கருவியாகியது அங்கேதான்.

மரபுவாதிகள் சினந்தனர். காசுக்காகக் கலையை விற்றுவிட்டார் என்று விமர்சகர் ஸ்டான்லி கிரவுச் போன்றோர் கடுமையாக எழுதினர். இசைத்தட்டு பெருமளவில் விற்றது உண்மையே. எனினும் அவர் கொடுத்த விலையையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். இருபது ஆண்டுகளாக ஈட்டிய சுவைஞர் கூட்டத்தில் ஒரு பகுதியை அவர் இழந்தார். 1970இல் ஃபில்மோர் என்னும் ராக் அரங்குகளில், தம்மினும் மிக இளைய ராக் குழுவினருக்கு முன்னதாக மேடையேறும் நிலையையும் ஏற்றுக்கொண்டார். முடிசூடியவர் மீண்டும் வரிசையில் நின்றார். கூட்டத்துக்கு எளிதான இசையையும் அவர் அங்கே தரவில்லை. 'பிச்சஸ் ப்ரூ' முதல்முறை கேட்போரை இன்றும் திணறச் செய்யும் இசைத்தட்டேயாகும்.

வேகமும் கணக்கும்

மைல்ஸிடமிருந்து பிரிந்த கிளைகளே அடுத்த ஐந்தாண்டு வரலாறு. ஜான் மெக்லாக்லின் 1971இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்னும் குழுவை அமைத்தார். வங்காளத்தைச் சேர்ந்த ஆன்மிகவாதி ஸ்ரீ சின்மயின் சீடராகி அவர் பெற்ற பெயரே குழுவின் பெயராயிற்று. குழுவினர் ஐவர். மெக்லாக்லின் இங்கிலாந்தவர், டிரம்ஸ் பில்லி கோபம் பனாமாவில் பிறந்தவர், பாஸ் ரிக் லெயர்ட் அயர்லாந்தவர், கீபோர்டு யான் ஹம்மர் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தவர், வயலின் ஜெர்ரி குட்மன் அமெரிக்கர். 'தி இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்' (1971), 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' (1973) என்னும் இரு இசைத்தட்டுகளும் இக்குழுவின் அடையாளங்கள்.

நாலடித் தாளத்தில் ஊறிய மேற்கத்தியச் செவிக்கு இவை புதிய கணக்கைக் கற்பித்தன. இரண்டாம் இசைத்தட்டின் தலைப்புப் பாடல் பதினெட்டு எண்ணிக்கை கொண்ட சுழற்சியில் அமைந்தது. கிடாரும் வயலினும் மின்னல் வேகத்தில் ஒரே வரியை இணைந்து வாசிக்க, கோபத்தின் டிரம்ஸ் அக்கணக்கைத் தளராமல் தாங்கும். எனினும் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஓசையின் பருமனும் விரைவும் சில இடங்களில் இசையின் மூச்சை அடைத்துவிடுகின்றன. எதுகை மோனை நிறைந்தும் பொருள் நிற்க இடமில்லாத பாட்டைப் போன்றது அது. புகழின் உச்சியில் இருந்தபோதே, 1973இன் இறுதியில், அக்குழு கலைந்தது.

பெயர் குறிக்கப்படாத குழல்

அதே 1973இல், மைல்ஸின் குழுவில் பியானோ வாசித்திருந்த ஹெர்பி ஹேன்காக் 'ஹெட் ஹன்டர்ஸ்' இசைத்தட்டை வெளியிட்டார். கறுப்பின மக்களின் ஃபங்க் நடன இசையை அடித்தளமாகக் கொண்ட இது, பத்து இலட்சம் படிகளைக் கடந்து விற்றது. 'கமீலியன்' என்னும் முதல் பாடலில் சிந்தசைசரில் எழும் தாழ்சுர வரி எளியது; ஆனால் ஏறத்தாழப் பதினாறு நிமிடங்களுக்கு அலுக்காதது. புதிதாகக் கேட்கத் தொடங்குவோருக்கு இவ்வகையில் இதைவிட இணக்கமான வாசல் இல்லை.

அவ்விசைத்தட்டின் இரண்டாம் பாடல் 'வாட்டர்மெலன் மேன்'. 1962இல் தாமே இயற்றிய பாடலை ஹேன்காக் அதில் புதுக்கியிருந்தார். தொடக்கத்தில் தாள வாத்தியக் கலைஞர் பில் சம்மர்ஸ் பீர் புட்டியின் வாயில் ஊதியும் இடையிடையே குரல் கொடுத்தும் ஒரு விந்தையான ஒலிக்கோலத்தை எழுப்புகிறார். கேட்டோர் மறக்க முடியாத தொடக்கம் அது. ஆனால் அது மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் பென்செலே மக்களின் இசைமுறை. ஒரே சுரம் மட்டும் எழுப்பும் சிறு குழலையும் குரலையும் மாற்றி மாற்றிக் கோத்து அவர்கள் பாடுவர். 1960களில் ஆய்வாளர் சீமா அரோம் அம்மக்களின் இசையைப் பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிட்டிருந்தார். அங்கிருந்தே இக்கோலம் நியூயார்க், சான்பிரான்சிஸ்கோ இசையுலகை அடைந்தது. இலட்சக்கணக்கில் விற்ற இசைத்தட்டால் காட்டில் பாடிய அம்மக்களுக்குப் பெயரும் இல்லை, பொருளும் இல்லை. பின்னாளில் இசை மானிடவியலறிஞர் ஸ்டீவன் ஃபெல்ட் இதனை எடுத்துக்காட்டி நெடிய விவாதத்தைத் தொடங்கிவைத்தார்.

அடிமை வாணிபத்தால் ஆப்பிரிக்காவிலிருந்து பிரிக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் அக்கண்டத்தின் ஒலியை மீட்டுக்கொள்வது உரிமையே என்பாரும் உண்டு. அவ்வாதத்தில் நியாயமும் உண்டு. ஆயினும் கொள்வினை நிகழ்ந்த இடத்தில் கொடுப்பினை நிகழவில்லை. நாட்டுப்புறப் பாடலின் மெட்டையும் வரியையும் எடுத்தாளும் எந்த மொழிக் கவிஞருக்கும் இவ்வழக்கு தொலைவானதன்று.

சுரங்களுக்கு இடையே

மைல்ஸின் மாணாக்கர்களான கீபோர்டு கலைஞர் ஜோ ஸாவினுலும் சாக்சபோன் கலைஞர் வெய்ன் ஷார்ட்டரும் 1970இல் வெதர் ரிப்போர்ட் என்னும் குழுவைத் தொடங்கினர். ஒருவர் ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்தவர். மற்றவர் அமெரிக்காவின் நியூவார்க் நகரத்துக் கறுப்பினத்தவர். 1976இல் இக்குழுவில் ஜேக்கோ பஸ்டோரியஸ் என்னும் இளம் பாஸ் கிடார் கலைஞர் சேர்ந்தார். சுர இடங்களைக் குறிக்கும் மெட்டுகளை, அதாவது உலோகக் கட்டைகளை, நீக்கிய பாஸ் கிடார் அவருடையது. மெட்டு இருந்தால் விரல் பிழைக்காது. ஆனால் இரு சுரங்களுக்கு இடையே உள்ள வெளி கிட்டாது. அந்தப் பாதுகாப்பைக் கொடுத்துவிட்டு ஜேக்கோ பெற்றது குழைவு.

1977இல் வந்த 'ஹெவி வெதர்' இசைத்தட்டில் 'எ ரிமார்க் யூ மேட்' என்னும் மெல்லிய பாடலைக் கேட்டால் இது விளங்கும். அடித்தளமாக மட்டும் ஒலித்துவந்த பாஸ் அங்கே ஒரு பாடகரைப் போல் வழுக்கிச் சென்று நிற்கிறது. வீணையிலும் நாதசுரத்திலும் கமகம் கேட்டு வளர்ந்தோர் இதனை உடனே இனம் காண்பர். அதே இசைத்தட்டின் 'பேர்ட்லேண்ட்' உலகெங்கும் புகழ் பெற்றது. ஜாஸ் மேதை சார்லி பார்க்கரின் பட்டப்பெயரால் அமைந்த நியூயார்க் அரங்கின் நினைவாக எழுந்த பாடல் அது. புதுமையின் உச்சத்திலும் முன்னோரை மறவாத இசைத்தட்டு என்று இதனைச் சொல்லலாம். ஜேக்கோ 1987இல் தம் 35ஆம் வயதில் மறைந்தார்.

ஒரே விரிப்பில்

மகாவிஷ்ணு குழுவை நடத்திய காலத்திலேயே மெக்லாக்லினின் மனம் வேறு திசையில் சென்றது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கருநாடக இசை கற்பிக்கப்பட்டு வந்தது. அங்கே அவர் இசையறிஞர் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். உலகப் புகழ் பெற்ற கிடார் கலைஞர் மீண்டும் சரளி வரிசை பயிலும் மாணாக்கரானார் என்பது இவ்வரலாற்றில் சிறிய செய்தியன்று.

அப்பல்கலைக்கழகத்துடன் தொடர்புடைய மற்றொருவர் வயலின் கலைஞர் எல். சங்கர். 1950இல் சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். இவர் தந்தை வி. இலட்சுமிநாராயணா அங்கே இசைப் பேராசிரியராக இருந்தார். 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பின் அக்குடும்பம் தமிழகம் வந்தது. இவ்விருவருடன் தபேலா கலைஞர் ஜாகிர் உசேன், கடம் வித்வான் டி.எச். விக்கு விநாயக்ராம், மிருதங்க வித்வான் இராமநாதபுரம் இராகவன் ஆகியோர் சேர்ந்தனர். குழுவின் பெயர் சக்தி. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்துச் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் அவர்கள் நிகழ்த்திய கச்சேரியே 1976இல் முதல் இசைத்தட்டாக வெளிவந்தது. இராகவன் விலகியபின் எஞ்சிய நால்வரும் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி', 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' என்னும் மேலும் இரு இசைத்தட்டுகளை அளித்தனர்.

இம்மேடையில் மின்கருவிகளின் பேரோசை இல்லை. கலைஞர்கள் விரிப்பில் சம்மணமிட்டு அமர்ந்தனர். மெக்லாக்லினின் கையில் இருந்தது அவருக்கென்றே செய்யப்பட்ட கிடார். முதன்மைத் தந்திகளுக்குக் குறுக்கே ஏழு அனுசுரத் தந்திகள். கமகத்துக்காகத் தந்தியை அழுத்தி இழுக்க ஏதுவாக, மெட்டுகளுக்கு இடையே குழிவாகச் செதுக்கப்பட்ட விரற்பலகை. ஜேக்கோ மெட்டுகளை நீக்கித் தேடியதை இவர் மரத்தைக் குடைந்து தேடினார்.

முதல் இசைத்தட்டின் தொடக்கமான 'ஜாய்' என்னும் உருப்படி பதினெட்டு நிமிடங்கள் நீள்கிறது. கிடாரும் வயலினும் ஒரே மூச்சில் ஓடும் வரிகள் முதலில் வரும். பின் தனித்தனிக் கற்பனை. பின் தாளக் கருவிகளின் உரையாடல். தபேலா வடநாட்டுச் சொற்கட்டில் பேசும். கடமும் மிருதங்கமும் தென்னாட்டுச் சொற்கட்டில் விடை தரும். இந்துஸ்தானி, கருநாடகம் என்னும் இரு மரபுகளும் ஒரே மேடையில் இவ்வளவு நெருங்கி உரையாடியது அக்காலத்தில் அரிதான நிகழ்ச்சி. ஆகவே சக்தியில் நிகழ்ந்தது கிழக்கும் மேற்கும் கலந்த கலப்பு மட்டுமன்று; வடக்கும் தெற்கும் கலந்த கலப்புமாகும். பக்கவாத்தியங்களுள் பின்வரிசையில் வைத்து எண்ணப்பட்ட கடம், இங்கே மற்றவற்றுக்கு நிகராக முன்னின்றது.

இதற்கும் விலை இருந்தது. மின்கிடாரின் முழக்கத்தை எதிர்பார்த்த மேற்கத்தியச் சுவைஞர் பலர் விலகினர். விற்பனை பழைய அளவை எட்டவில்லை. 1978 அளவில் குழு கலைந்தது. ஆனால் இவ்விசையில் எவரும் தம் இலக்கணத்தை இழக்கவில்லை. சங்கரின் வயலின் கருநாடக வயலினாகவே இருந்தது. மெக்லாக்லினின் கற்பனையில் ஜாஸின் மணம் நீங்கவில்லை. ஒருவர் மற்றவரின் இலக்கணத்தைக் கற்றதே கலப்பாயிற்று. கற்பதற்குச் செலவிட்ட ஆண்டுகளே அங்குக் கொடுப்பினை.

அடுத்த தலைமுறை

1980களில் ஃப்யூஷன் என்னும் சொல்லின் மதிப்பு சரிந்தது. வேகத்தைக் காட்டுவதே நோக்கமான இசைத்தட்டுகளும், விருந்து மண்டபப் பின்னணிக்கு ஏற்ற மென்னிசையும் அப்பெயரில் பெருகின. எனினும் ஊற்று வற்றவில்லை. 2008இல் அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா, கத்ரி கோபால்நாத்துடன் இணைந்து 'கின்ஸ்மென்' இசைத்தட்டை அளித்தார். ஜாஸின் கருவியைக் கருநாடக இசைக்கு வசப்படுத்திய முதியவரும், அதே கருவியில் ஜாஸ் பயின்ற இந்திய வழித்தோன்றலும் எதிரெதிரே நிற்கின்றனர். ஏ. கன்யாகுமரியின் வயலினும் உடன் ஒலிக்கிறது. அமெரிக்காவில் பிறந்த தமிழரான பியானோ கலைஞர் விஜய் ஐயர், கருநாடக கிடார் கலைஞர் பிரசன்னாவுடனும் தபேலா கலைஞர் நிதின் மிட்டாவுடனும் 2011இல் வெளியிட்ட 'தீர்த்தா' அமைதியான உரையாடல். மீண்டும் மீண்டும் கேட்கத் தக்கது.

டெக்சஸ் மாநிலத்தில் தோன்றிய ஸ்னார்க்கி பப்பி குழு 2014இல் வெளியிட்ட 'வி லைக் இட் ஹியர்', நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் கேட்போரைச் சுற்றி அமர்த்திக்கொண்டு பதிவு செய்யப்பட்டது. டியோ மாசெரோவின் கத்தரிக்கோலுக்கு இது நேர் எதிரான நெறி. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து சாக்சபோன் கலைஞர் கமாசி வாஷிங்டன் 2015இல் அளித்த 'தி எபிக்' மூன்று தட்டுகளில், ஏறத்தாழ மூன்று மணி நேரம், சேர்ந்திசைக் குரல்களோடு விரியும் காப்பியம்.

சக்தியின் கதையும் முடிந்துவிடவில்லை. 1997இல் ரிமெம்பர் சக்தி என்னும் பெயரில் குழு மீண்டும் கூடியது. பின்னர் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், விநாயக்ராமின் மகன் கஞ்சிரா வித்வான் வி. செல்வகணேஷ், பாடகர் சங்கர் மகாதேவன் ஆகியோர் சேர்ந்தனர். ஸ்ரீநிவாஸ் 2014இல் இளம் வயதிலேயே மறைந்தார். வயலின் கலைஞர் கணேஷ் இராஜகோபாலன் இணைந்தபின், 2023இல் 'திஸ் மொமன்ட்' வெளிவந்தது. அதற்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் மறைந்தார். 1975ஆம் ஆண்டு மேடையில் தந்தை கடம் வாசிக்கத் தொடங்கிய உரையாடலை, 2023இல் மகன் கஞ்சிராவில் தொடர்ந்தார் என்பதே அவ்விருதினும் பெரிய செய்தி. ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கப்படுவதே மரபு எனில், அக்கலப்பு தானும் ஒரு மரபாகிவிட்டது.

இவ்விசைக்குப் புதியவர்கள் 'ஹெட் ஹன்டர்ஸ்' தொடங்கி 'ஹெவி வெதர்' வழியாகச் 'சக்தி'க்கு வரலாம். செவி பழகியபின் 'இன் எ சைலன்ட் வே', அதன்பின் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்', இறுதியில் 'பிச்சஸ் ப்ரூ' என்று செல்வது நன்று. ஒவ்வொன்றையும் கேட்கும்போது, இக்கலைஞர் எதைக் கொண்டார் என்பதோடு எதைக் கொடுத்தார் என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். கொடுத்தவர் இசை நிலைத்திருக்கிறது. வேற்றுமொழிக் கவிதையின் வடிவங்களைத் தமிழுக்குக் கொணரும் கவிஞர்களும் இவ்வினாவைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளலாம்; அதற்கு இவ்விசைத்தட்டுகள் நல்ல துணையாகும்.